கம்ப்யூட்டருக்கு என்ன மருந்து?

கோயமுத்தூரில் ஒரு கடை. உள்ளே தண்ணீர் ஓடுகிற கம்ப்யூட்டர்களைக் கட்டித் தருவதுதான் அங்கே தொழில். நடத்துகிறவள் வளர்மதி, வயது முப்பத்தொன்று. அவளிடம் வேலை கற்றுக்கொள்ள வந்தவர் வெங்கிடுசாமி, அறுபதைத் தொட்டவர். முப்பத்திநாலு வருஷம் பம்புசெட் கம்பெனியில் ஃபோர்மேனாக இருந்த மனுஷன். கம்ப்யூட்டருக்குள்ளேயும் தண்ணீர் ஓடுதாம் என்று காதில் விழுந்த மறுநாளே கடை வாசலில் வந்து நின்றுவிட்டார்.

அவள் அவரை அண்ணா என்பாள். அவர் அம்மிணி என்பார். யார் குரு என்பதில் ரெண்டு பேருக்குமே சந்தேகம் இருந்ததில்லை.

விஷயம் பெரிசில்லை. சூடாகிற சிப்பின்மேல் ஒரு செம்புக் கட்டி உட்கார்ந்திருக்கும். தண்ணீர் அதற்குள் புகுந்து சூட்டை வாரிக்கொண்டு போகும். அந்தத் தண்ணீரில் பாசி பிடிக்காமல் இருக்க ஒரு மருந்து, செம்பு அரிக்காமல் இருக்க ஒரு மருந்து. ஆனால் கடை அலமாரியில் பதினோரு பாட்டில் இருந்தது. வந்த நாளிலிருந்து வெங்கிடுசாமி கேட்டது ஒரே கேள்வி.

"இதுல எது நல்ல மருந்துங்க அம்மிணி?"

"எதுக்கு மருந்துங்கண்ணா?" என்பாள் அவள். அத்தோடு சரி.

ஆயுத பூஜையன்று அவர் முதல் முதலாகத் தன் கையால் ஒரு மிஷினைக் கட்டி முடித்தார். நிலோபர் என்கிற பெண்ணுக்கு. குழந்தைகளுக்குப் பொம்மைப் படம் செய்கிறவள். இருபது நாளில் மிஷின் திரும்பி வந்தது. பத்து நிமிஷம் ஓடுகிறது, சூடாகித் தானாக அணைந்துவிடுகிறது. திறந்து பார்த்தால் உள்ளே பச்சைப் பசேலென்று பாசி. வெங்கிடுசாமி பிரஷ் போட்டுத் தேய்த்துக் கழுவி, இன்னும் காரமான மருந்தாகப் பார்த்து ஊற்றி அனுப்பினார். அடுத்த இருபது நாளில் மறுபடியும் பாசி, போன தடவையைவிட அதிகமாக.

இந்தத் தடவை நிலோபரே தூக்கிக்கொண்டு வந்தாள்.

"தை பொறந்ததும் படத்தைக் கொடுத்தாகணும்ண்ணா. ஒரு வருஷ வேலை. இன்னொரு தடவை நின்னா என்னால தாங்க முடியாது."

அவள் திட்டியிருந்தால்கூடத் தேவலை. வெங்கிடுசாமிக்கு மத்தியானச் சோறு இறங்கவில்லை.

"அம்மிணி, இந்தத் தடவையும் கெட்டுதுன்னா நான் வேலைய விட்டு நின்னுக்கறேனுங்க. அந்தப் புள்ள பொழப்புல மண்ணள்ளிப் போட நான் யாரு? பதினொண்ணுல எது நல்ல மருந்துன்னு இன்னிக்காச்சும் சொல்லிப்போடுங்க."

வளர்மதி மிஷினைப் பிரித்தாள். செம்புக் கட்டியைத் திறந்து, பாசிக்குள்ளிருந்து ஊசி முனையால் எதையோ எடுத்தாள். கறுப்பாக ஒரு துணுக்கு. வெள்ளைத் தாளில் அதை வைத்துவிட்டு இன்னொரு தாளை அவர் பக்கம் தள்ளினாள்.

"இதுக்குள்ள என்னென்ன ஊத்தினீங்கன்னு எழுதுங்கண்ணா."

எழுதினார். டிஸ்டில்டு வாட்டர். பாசி மருந்து. அரிப்பு மருந்து.

"வேற?"

"வேற ஒண்ணுமே இல்லீங்க. சாமி சத்தியமா."

"சரி, கழுவிட்டு என் முன்னால ஊத்துங்க. அன்னிக்கு எப்படிப் பண்ணினீங்களோ, அச்சு அசலா அப்படியே."

வளர்மதி ஸ்டூலில் உட்கார்ந்து மோவாயில் கைவைத்துக்கொண்டாள். பக்கத்தில் நிலோபர். வெங்கிடுசாமி கழுவினார், தண்ணீர் ஊற்றினார், மருந்தைச் சொட்டுச் சொட்டாக எண்ணி விட்டார். கைப்பதம் என்றால் அப்படி ஒரு கைப்பதம், குற்றம் சொல்ல முடியாது. மிஷினின் தண்ணீர்த் தொட்டியை மூடப் போனவரின் கை தன்பாட்டுக்குச் சட்டைப் பைக்குள் போனது. ஒரு சின்ன பாட்டில் வெளியே வந்தது. கண்ணை மூடினார், உதடு அசைந்தது, பாட்டிலைத் திறந்து சாய்த்தார்.

தொட்டி வாயைப் பொத்திக்கொண்டு வளர்மதியின் கை இருந்தது.

"இது என்னங்கண்ணா?"

"தீர்த்தமுங்க. காலைல பெருமாள் கோயில்ல வாங்கினது."

"முன்னாடியும் ஊத்தினீங்களா?"

"பின்னே? மொதல்ல கட்டின மிஷினாச்சே! அன்னிக்கு ஒரு மூடி ஊத்தினேன். கெட்டுப்போச்சுன்னதும் அடுத்த தடவை ரெண்டு மூடி. நோய்க்கும் பாரு, பேய்க்கும் பாருன்னு சொல்லுவாங்கல்லீங்க?"

நிலோபருக்குச் சிரிப்பு பொத்துக்கொண்டு வந்தது. அவர் முகத்தைப் பார்த்து அடக்கிக்கொண்டாள்.

"வேற ஒண்ணுமே இல்லைன்னு சத்தியம் பண்ணினீங்களே?"

வெங்கிடுசாமி நிஜமாகவே திகைத்துப்போனார். "அட, இதைப் போயி ஊத்தினதுல சேர்த்து எழுதுவாங்களா அம்மிணி? இது சாமி சமாச்சாரமாச்சுங்களே!"

வளர்மதி பாட்டிலை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டாள். உள்ளங்கையில் கொஞ்சம் விட்டுக் குடித்தாள். ஈரக் கையைத் தலையில் தடவிக்கொண்டு பாட்டிலைத் திருப்பிக் கொடுத்தாள்.

"நீங்களும் குடிங்கண்ணா."

குடித்தார். நாக்கில் ஏதோ தட்டுப்பட்டது. எடுத்துப் பார்த்தால் துளசி, ஒரு துணுக்கு. அதை விரல் நுனியில் வைத்துக்கொண்டே வெள்ளைத் தாளில் இருந்த கறுப்புத் துணுக்கைப் பார்த்தார். குனிந்து, கண்ணாடியைத் தூக்கிவிட்டுக்கொண்டு மறுபடியும் பார்த்தார்.

"இத்தனூண்டு எலையிலிருந்தா இத்தனை பாசியுங்க?"

அவர் தாளை இழுத்து, அரிப்பு மருந்துக்குக் கீழே எழுதினார்: தீர்த்தம், முதல்ல ஒரு மூடி, அப்புறம் ரெண்டு மூடி. எழுதும்போது காது மடல் சிவந்துவிட்டது. ஆனாலும் தலை நிமிர்ந்ததும் வாயில் வந்தது அதே பழைய கேள்விதான்.

"இனி இந்த மிஷினுக்கு எது நல்ல மருந்துங்க அம்மிணி?"

"இப்ப ஒண்ணு விடாம எழுதினீங்களே, அந்த எழுதினதுதானுங்கண்ணா மருந்து. தொட்டி மூடியப் போடுங்க."