ஆறெழுத்துக்காரி

தென்காசிப் பக்கம் ஒரு பாலிடெக்னிக்கில் நடந்த கூத்து இது. தாளாளர் குமாரசாமி கையிலிருந்த பட்டியலைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். “ஃபேஸ், கஃபே, டெக்கேட்... இது வார்த்தையா, நம்பரா?”

“இரண்டும்தான் சார்!” என்றார் முதல்வர் தாண்டவமூர்த்தி. “கம்ப்யூட்டருக்கான ஹெக்ஸாடெசிமல் எண் முறையில் ஒன்பதுக்கு மேல், பத்து முதல் பதினைந்து வரைக்கும், ஏ முதல் எஃப் வரை ஆறு எழுத்தும் எண்கள். அந்த ஆறை மட்டும் வைத்து இருநூறு ஆங்கில வார்த்தை கண்டுபிடித்திருக்கிறேன்.”

தாளாளருக்குத் தலை சுற்றியது. தண்ணீர் கொண்டுவந்த அட்டெண்டர் முப்பிடாதி, “அது நான் எழுதினதுய்யா. லேப் அசிஸ்டெண்ட் வேலைக்கு மனுவோட இவர்கிட்ட குடுத்தேன்” என்றாள்.

தாளாளர் இன்னும் குழம்பினார். முதல்வர் சிரித்தார். “பத்தாம் வகுப்புக்காரி! எங்கே, நிரூபி பார்ப்போம்.”

“நீங்க எதுலய்யா அடிச்சீங்க?”

“என் அறைக் கம்ப்யூட்டரில். மூன்று மாதம், இந்தப் பத்து விரலால்!”

முப்பிடாதி போய் இரண்டு கீபோர்டுகளைத் தூக்கி வந்தாள். “இது ஸ்டோர் ரூம் பழைய கம்ப்யூட்டர்ல நான் அடிச்சது. ஆறு எழுத்து மட்டும் தேஞ்சிருக்கு பாருங்க. இது முதல்வரய்யாவோடது. ஆயுத பூஜைக்கு ஏ எழுத்து மேல நான் வச்ச சந்தனப் பொட்டு, பங்குனி வந்தும் உதிரலை. ஏ-யைத் தொடாமலா இத்தனை வார்த்தை அடிச்சீங்க?”



“எனக்கு அந்த நம்பர் சமாச்சாரம் இப்பவும் புரியலை” என்றார் தாளாளர். “இந்தப் பொட்டு நல்லாப் புரியுது. லேப் சாவியை அந்தம்மாகிட்ட குடுங்க.”