கோணப்பட்டியார் ஜோடி சேர்த்த இங்கிலீஷ் மனு

கோணப்பட்டி டிரான்ஸ்ஃபார்மர் வெடித்ததிலிருந்து சங்கிலியின் வாழைத்தோட்டம் வாடிக்கொண்டிருந்தது. கிணற்றில் தண்ணீர் இருந்தது, மோட்டார் ஓடவில்லை. அதைவிட, பக்கத்துக் கீழூரில் மோட்டார் ஓடுகிற சத்தம்தான் அவருக்கு வயிற்றெரிச்சல். அவருடைய கல்யாணப் பந்தியில் பாயசம் தண்ணியாக இருந்தது என்று சொன்ன ஊர் அது. பேரன் பிறந்த பிறகும் அவர் அதை மறக்கவில்லை.

கரண்ட் ஆபீஸுக்குப் புதிதாக வந்த அதிகாரிக்குத் தமிழ் தெரியாது. சங்கிலி, மைத்துனன் பொன்னாண்டியையும் பங்காளி மொக்கச்சாமியையும் கூட்டிக்கொண்டு, புது டிரான்ஸ்ஃபார்மர் கேட்டு இங்கிலீஷில் மனு எழுத டைப் அடிக்கும் அருளப்பனிடம் யோசனை கேட்கப் போனார்.

"இங்கிலீஷ்ல வினைச்சொல்லு ஒண்டியா நிக்காதுங்க. கூடவே ஒரு குட்டிச்சொல்லு வரணும். வெயிட்டுன்னா ஃபார், லிசன்னா டு. புருஷன் பொண்டாட்டி மாதிரி. மாத்திச் சேர்த்தா அசிங்கமாயிடும்," என்றார் அருளப்பன்.

மூவரும் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து சம்பந்தம் பேசினார்கள்.

"லிசனுக்கு டுவாமே. குடும்பம் எப்படி?" என்றார் சங்கிலி.

"வேணாம் மாமா. அது 'கோ' வீட்லயும் நிக்குது, 'பிலாங்' வீட்லயும் நிக்குதாம்," என்றான் பொன்னாண்டி.

"மூணு வீடா! ஊர் மனுவுல அதை ஏத்துனா கீழூர்க்காரன் என்ன பேசுவான்?"

டுவைத் தள்ளி வைத்தார்கள். ஆன், இன், அட் பற்றியும் விசாரித்தார்கள். எதுவும் காது கொடுத்துக் கேட்கிற மாதிரி இல்லை. ஃபார் மட்டும் வேறெங்கும் போனதாகத் தகவல் வரவில்லை.

அதிகாரி மேஜைக்குப் போன மனுவில் 'வெயிட் ஃபார்' என்ற இரண்டே சொல். நாலு மூலையிலும் மஞ்சள். மேலே வெற்றிலை பாக்கு.

அதிகாரி காகிதத்தைத் திருப்பித் திருப்பிப் பார்த்தார். கிளார்க் சங்கிலியிடம் தமிழில் விசாரித்து விஷயத்தைச் சொன்னதும், சிரித்த சிரிப்பில் கையெழுத்தே கோணிக்கொண்டது. ஆனாலும் போட்டுவிட்டார்.

வெள்ளிக்கிழமை டிரான்ஸ்ஃபார்மரோடு லாரி வந்தது. சங்கிலி அதைச் சுற்றிச் சுற்றி வந்தார்.

"இன்னொண்ணு எங்கப்பா?"

"இன்னொண்ணா? ஒண்ணுதான் பெரியவரே," என்றார் டிரைவர்.

"ஒண்டியாவா வந்திருக்கு? நாங்க மானமா மனு கொடுத்த ஊரு. ஜோடியோட வந்தா இறக்கு, இல்லேன்னா வண்டியத் திருப்பு!"

டிரைவர் கெஞ்சிப் பார்த்தார், ஆபீஸுக்குப் போன் போட்டுப் பார்த்தார். கடைசியில் ஆபீஸில் சொன்னபடி கீழூரில் இறக்கிவிட்டுப் போனார்.

மறுநாள் சாயங்காலம் கீழூர்ப் பக்கமிருந்து அது 'ம்ம்ம்...' என்று இரைவது கேட்டது. காய்ந்து சாய்ந்த வாழைகளுக்கு நடுவில் சங்கிலி காதைக் கூர்மையாக்கிக்கொண்டு நின்றார். முகமெல்லாம் பல்.

"கேட்டியாடா மொக்கை? துணையில்லாம அழுவுது! கீழூர்க்காரன் இனிமே ஒரு நாளாவது தூங்குவானா?"