பொரித் தட்டு

செவ்வந்திநாத ஓதுவார் தம் குருநாதரைக் கடைசியாக உயிரோடு பார்த்தது நாகப்பட்டினம் துறையில்தான். மடத்துத் தலைவரான அந்தத் தேசிகருக்கு எண்பது வயது. மாட்டு வண்டியை விட்டு இறங்க முடியவில்லை. வைக்கோலின் மேல் விரித்த சமுக்காளத்தில் சாய்ந்தபடியே பேசினார்.

"சயாம் தேசத்துல நம்ம மார்கழிப் பாட்டைப் பாடறாங்களாம். பாட்டன் பூட்டன் காலத்துல இங்கேருந்து கப்பலேறினவங்க வம்சமாம். போய்க் கேளு. அவங்க நம்மவங்கதானான்னு ஒரு வரி எழுது. ஆமான்னா மடத்து ஏட்டுல அவங்க பேரைச் சேர்த்துடறேன்."

"இல்லேன்னா?"

"அடுத்த கப்பல்ல திரும்பிடு. எதுவானாலும் சீக்கிரம் எழுது, செவ்வந்தி. தெரிஞ்சுக்காமப் போயிடக் கூடாது நான்."

கப்பல் மாறி மாறிப் பதினேழு நாள். அந்தக் கடைசி வார்த்தை ஓதுவாரை ஒரு வேளை சோறு உட்கார்ந்து தின்ன விடவில்லை. தளத்தில் இந்த முனைக்கும் அந்த முனைக்கும் நடந்தார். குடுமியை அவிழ்த்தார், முடிந்தார், மறுபடி அவிழ்த்தார். ஐம்பத்தாறு வயது. அதில் நாற்பது வருஷம் அந்தப் பாட்டையே பாடி வந்தவர்.

ஆற்றங்கரையில் சின்ன ஊர். கோயிலின் ஓட்டுக் கூரை நான்கு முனையிலும் மேல்நோக்கி வளைந்திருந்தது. உள்ளே லிங்கமும் பிள்ளையாரும். வெள்ளை வேட்டியும் குடுமியுமாக முப்பது வயதுப் பூசாரி ஒருவர் எதிரே வந்தார். பெயர் தொங்சாய்.

"வாங்க நானா. குந்துங்க. நல்லா ஈக்கிறீங்களா?"

ஓதுவார் திகைத்துவிட்டார். கடைத்தெருவில் நாகூர் மரைக்காயர் ஒருவர் துணிக்கடை வைத்திருந்தார். தொங்சாய் தமிழ் பேசக் கற்றது அந்தக் கடையில். நாகூர் மரைக்காயர் வீடுகளில் அண்ணனை நானா என்றுதான் கூப்பிடுவார்கள்; இருக்கிறீங்களா என்பது ஈக்கிறீங்களா ஆகிவிடும்.

"என்னை நானான்னு சொல்லாதேயும்."

"ஏன்? மரைக்காயரும் உங்க ஊருதானே?"

"ஊர் ஒண்ணுதான். ஆனா..."

"ஆனா?"

ஓதுவார் வேறு பேச்சுக்குப் போனார்.

மறுநாள் காலை தொங்சாயும் இன்னும் இரண்டு பேரும் பாடிக் காட்டினார்கள். ஓதுவார் கண்ணை மூடிக் கேட்டார். ஒவ்வொரு சொல்லும் ஆற்றில் உருண்டு வந்த கல் போல முனை மழுங்கிப்போயிருந்தது. மெட்டும் வேறு. எங்கேயோ ஒரு சொல் தெரிந்த முகம் போல எட்டிப் பார்த்தது. பிடிப்பதற்குள் மறைந்தது.

"இது தமிழே இல்ல."

"தமிழ்தான்னு எங்க வாப்பா சொன்னாரு, நானா."

"உமக்குத்தான் தமிழ் தெரியுமே. இது உமக்கு விளங்குதா?"

"மரைக்காயர் கடையில முழம் என்ன விலை, சாயம் போவுமான்னுதான் படிச்சேன். இந்தப் பாட்டுல அதெல்லாம் வரலையே."

கூட இருந்தவர்கள் சிரித்தார்கள். ஓதுவாருக்குச் சிரிப்பு வரவில்லை. அன்றே எழுதினார்: 'அவர்கள் நம்மவர்கள் அல்லர்.' மடித்து மடியில் செருகினார். தபால் எடுத்துப்போகும் கப்பல் அந்தக் கோயிலின் மார்கழித் திருவிழாவுக்கு மறுநாள்தான். அதுவரை மடியிலேயே இருக்கட்டும்.

இருக்கட்டும் என்று விட முடியவில்லை. இந்த ஒரு வரியோடா குருநாதர் கண்ணை மூட வேண்டும்? முற்றத்தை ஏழெட்டு முறை சுற்றி வந்து, தொங்சாயின் எதிரில் நின்றார்.

"நான் திருத்தித் தரேன். சரியாப் பாடக் கத்துக்குங்க."

சண்டை வரும் என்று பதிலெல்லாம் தயாராக வைத்திருந்தார்.

"சொல்லிக் குடுங்க" என்றார் தொங்சாய்.

"கோபமில்லையா உமக்கு?"

"எதுக்கு? எங்க பூட்டனுக்கும் யாரோ சொல்லிக் குடுத்துத்தானே ஈப்பாங்க."

பத்து நாள் நடந்தது பாடம். அவர்கள் கெட்டிக்காரர்கள். பத்தாம் நாள் ழகரம்கூட வந்துவிட்டது. ஓதுவார் மனதுக்குள் இரண்டாவது கடிதத்தை எழுதி வைத்துக்கொண்டார்: 'நம்மவர்களே.'

திருவிழா அன்று விடியுமுன் முற்றம் நிறைந்துவிட்டது. வருஷத்தில் அன்று ஒரு நாள் சிவன் இறங்கி அந்த ஊருக்கு வருகிறார் என்பது அவர்கள் நம்பிக்கை. பெண்கள் பொரித் தட்டை முன்னே வைத்து உட்கார்ந்திருந்தார்கள். கைக்குழந்தைகள் அம்மாக்களின் தோளில் தூங்கின. கதவருகில் ஒரு படகோட்டி சங்கோடு நின்றான்.

மூன்று பேரும் பாடினார்கள். பிசகே இல்லை. குருநாதர் கேட்டிருந்தால் வண்டியை விட்டு இறங்கியிருப்பார்.

பாட்டு முடிந்தது. யாரும் அசையவில்லை.

ஒரு குழந்தை அழுதது. ஒருத்தி விசிறினாள். ஒருவர் கொட்டாவி விட்டார். கிழக்கு வெளுக்கத் தொடங்கியது. படகோட்டி பொறுத்துப் பார்த்துவிட்டு, தொங்சாயிடம் வந்து என்னவோ கேட்டான்.

"என்னவாம்?" என்றார் ஓதுவார்.

"எப்ப ஆரம்பிப்பீங்கன்னு கேக்குறான்."

தொங்சாய் பாடவும் இல்லை, முகம் சுளிக்கவும் இல்லை.

"வெயில் ஏறிட்டா இந்த வருசம் சாமி வராது, நானா. நீங்கதான் சொல்லணும்."

பழைய பாட்டைப் பாடச் சொன்னால் மடியில் இருக்கும் கடிதம்தான் போக வேண்டும். சொல்லாவிட்டால் இத்தனை பேரும் நிரம்பிய தட்டோடு வீடு திரும்ப வேண்டும். ஓதுவார் குடுமியைத் தொட்டார்.

"உங்க பாட்டையே பாடுங்க."

முதல் வரியை அவர்கள் இழுத்த இழுப்பிலேயே சங்கு முழங்கியது. முற்றம் முழுவதும் ஒன்றாக எழுந்தது. தட்டுகள் தலைக்கு மேல் உயர்ந்தன. யாரோ விம்மினார்கள். நாற்பது வருஷம் தாம் பாடிய பாட்டில் ஒரு சொல்கூட ஓதுவாருக்குப் புரியவில்லை. ஆனால் அவரும் எழுந்து நின்றிருந்தார். அவர் கையிலும் ஒரு தட்டு இருந்தது. பாட்டு முடியும்வரை அதைத் தலைக்கு மேல் பிடித்திருந்தார்.

கூட்டம் கலைந்தது. தொங்சாய் விளக்குமாறு எடுத்து முற்றத்தில் சிந்திய பொரியைப் பெருக்கத் தொடங்கினார். ஓதுவார் அவர் பின்னாலேயே நடந்தார்.

"நாளைக்குக் கப்பல் போயிடும். எனக்கு ஒரு பதில் வேணும்."

"கேளுங்க."

"நீங்க இந்தியாக்காரரா, சயாம்காரரா? பாட்டு எங்களுது. மெட்டு எங்களுது இல்ல. சாமி எங்களுது. கூரை எங்களுது இல்ல. நான் என்னன்னு எழுதட்டும்? நீங்க நம்மவங்களா, இல்லையா?"

"கொஞ்சம் காலை நவுத்துங்க."

ஓதுவார் நகர்ந்து நின்றார்.

"அந்தத் தட்டை யாரு குடுத்தா?"

"பக்கத்துல நின்ன பொம்பளை. குழந்தையைத் தூக்கறதுக்காக என் கையில குடுத்திருப்பா."

"குழந்தை அவ புருசன் தோள்ல ஈந்திச்சு."

ஓதுவார் விழித்தார்.

"போன வருசம் மாகாணத்துப் பெரிய அதிகாரி வந்தாரு, நானா. பாட்டு முடியிற வரைக்கும் கையைக் கட்டிக்கிட்டு நின்னாரு. வெளியாள் கையில அந்தத் தட்டைக் குடுக்க மாட்டாங்க."

தொங்சாய் பொரியை முறத்தில் அள்ளினார்.

"நீங்க எங்களைப் பத்திக் கேட்டதை நாங்களும் உங்களைப் பத்திக் கேட்டுக்கிட்டுத்தான் ஈந்தோம். அவ பதில் சொல்லிட்டா."



மறுநாள் கப்பல் அவருடைய கடிதம் இல்லாமலேயே போனது. தேசிகர் தை மாதம் காலமானார் என்ற செய்தி மாசியில் அவரைத் தேடி அந்த ஊருக்கு வந்தது.

சில தலைமுறைகள் கடந்து, அந்தக் கோயிலில் இப்போது மார்கழிப் பாட்டை இரண்டு முறை பாடுகிறார்கள். முதலில், எல்லாரும் எழுந்து நிற்கும் பாட்டு. சனங்கள் வீட்டுக்குப் போன பிறகு, பெருக்கிய முற்றத்தில், ழகரம் பிசகாமல் வேறு விதமாக இன்னொரு முறை. இந்த இரண்டாவதை யார் சொல்லிக்கொடுத்தது என்று பாடுகிறவர்களுக்குத் தெரியாது.