கடைசிப் பலகை

"சாமி, பல்லு ஆடுது," என்றார் மாசிலாமணி ஓதுவார்.

"எத்தனை?"

"ஏழு."

"வலிக்குதா?"

"வலியே இல்ல சாமி. அதான் பயமா இருக்கு."

தேசிகர் படித்துக்கொண்டிருந்த சுவடியைக் கட்டி வைத்தார். மடத்துக்கு அவர் தலைவர். வயது முப்பத்தெட்டு. எதிரே கைகட்டி நின்ற சீடருக்கு ஐம்பத்தாறு. தன்னைவிடப் பதினெட்டு வயது சின்னவரின் காலில் தினமும் விழுந்து எழுவதில் மாசிலாமணிக்கு ஒரு குறையும் இருந்ததில்லை. குரு என்றால் குரு, அவ்வளவுதான்.

"பல்லு போனா போவுது சாமி. பாட்டு போயிடும். முன்பல்லு இல்லாம பதிகம் பாடினா பாதிச் சொல்லு காத்தாப் போயிடும்."

 மனைவி போன பிறகு மடத்துக்கு வந்தவர் மாசிலாமணி. பிள்ளை கிடையாது, காணி நிலம் கிடையாது. விடிகாலையில் சன்னிதியில் நின்று வாயைத் திறக்கிற அந்த அரைமணி நேரம் மட்டும்தான் அவருடையது.

"கிளம்புங்க," என்றார் தேசிகர்.

"எங்க சாமி?"

"பல் டாக்டர்கிட்ட. நானும் வர்றேன்."

மடாதிபதி டவுன் பஸ்ஸில் ஏறினால் ஊர் வேடிக்கை பார்க்கும். பார்த்தது. தேசிகர் ஜன்னலோரம் உட்கார்ந்து வந்தார்.

டாக்டர் பெயர் எஸ்தர். காவித் துணியைக் கண்டு அவர் பதறவில்லை. மாசிலாமணியை நாற்காலியில் சாய்த்து, வாயைத் திறக்கச் சொல்லி, கோடு போட்ட மெல்லிய கம்பி ஒன்றை ஈறோரமாக விட்டு விட்டு எடுத்தார். பக்கத்தில் இருந்த நர்ஸிடம் எண்களைச் சொன்னார்.

"ஆறு. ஏழு. எட்டு. எட்டு."

"அது என்ன எண்ணிக்கை?" என்றார் தேசிகர்.

"பல்லுக்கும் ஈறுக்கும் நடுவுல விழுந்திருக்கிற பள்ளம் சாமி. மில்லிமீட்டர்ல சொல்றேன். மூணுக்குள்ள இருந்தா நல்ல வாய்."

"எட்டுன்னா?"

"வேரைப் பிடிச்சிருந்த எலும்பு பெரும்பாலும் கரைஞ்சு போச்சுன்னு அர்த்தம்."

மாசிலாமணி திறந்த வாயோடு விட்டத்தைப் பார்த்துக்கொண்டிருந்தார். கண்ணோரம் நனைந்திருந்தது.

"எதனால வந்தது?" என்றார் தேசிகர்.

"அழுக்கு சாமி. பல்லோரத்துல படியும். எடுக்காம விட்டா இறுகிக் காரையாயிடும். அதுக்கு மேல இவர் புகையிலை வேற போடுறார். சர்க்கரை இருந்தாலும் சீக்கிரம் முத்தும், சில குடும்பத்துக்கு உடம்புவாகே அப்படி. இதுல ரெண்டு வகை இருக்கு. ஈறு வரைக்கும் நிக்கிறது ஒண்ணு. ஈறு சிவக்கும், வீங்கும், தேய்ச்சா ரத்தம் வரும். அப்பவே சுத்தம் பண்ணினா திரும்பிடலாம். எலும்புக்குள்ள இறங்குறது ரெண்டாவது. போன எலும்பு போனதுதான். மிச்சத்தைத்தான் காப்பாத்த முடியும்."

டாக்டர் கம்பியை வைத்துவிட்டு மாசிலாமணியிடம் கேட்டார். "ஐயா, உங்களுக்கு எப்ப இருந்து ரத்தம் வந்துச்சு?"

மாசிலாமணி குருவைப் பார்த்தார்.

"வரல," என்றார்.

"வராம இவ்வளவு தூரம் வந்திருக்காதே."

"ஒன்பது வருஷமா வரல."

"அதுக்கு முன்னாடி?"

மாசிலாமணி துண்டால் வாயைத் துடைத்துக்கொண்டார். டாக்டரும் விட்டுவிட்டார். ஏழு பல்லும் தேறாது என்றார். மற்ற பற்களில் காரையை எடுக்க வேண்டும் என்றார்.

"காரையை எடுத்தா மத்ததும் ஆடும்னு சொல்றாங்களே," என்றார் மாசிலாமணி.

"ஆடுற மாதிரி இருக்கும் ஐயா. இவ்வளவு நாளா அதைப் பிடிச்சிருந்தது எலும்பு இல்ல, காரைதான்."

திரும்பும்போது பஸ்ஸில் கூட்டமில்லை.

"சொல்லுங்க," என்றார் தேசிகர்.

சொல்ல வேண்டியது எது என்று இருவருக்கும் தெரியும்.

தேசிகர் பட்டத்துக்கு வந்த முதல் மாதம் அது. பாடிக்கொண்டிருந்த ஒரு கிழவரின் வாயிலிருந்து சிவப்பாக ஒரு சொட்டு பூத்தட்டில் விழுந்தது. வாலிபக் கோபம், புதுப் பதவி. அன்றே உத்தரவு போட்டார். ரத்தம் உள்ள வாய் சன்னிதியில் பாடக் கூடாது. அப்படிப்பட்டவர் அன்றைக்குக் கடைசிப் பலகையில் உட்கார்ந்து மனசுக்குள் பாடிக்கொள்ள வேண்டும். அதற்காகத் தினமும் விடிகாலை வாசலில் நின்று ஒவ்வொருவரையும் கேட்பார்.

"ரத்தம் உண்டா?"

"இல்லை."

முதலில் தினம் மூன்று பேர், நான்கு பேர் கடைசிப் பலகையில் இருந்தார்கள். பிறகு குறைந்தது. அந்த வருடம் முடிவதற்குள் பலகை காலியாகிவிட்டது. இப்போது அதில் தூசி. தன் மடத்தில் பதின்மூன்று வாயும் சுத்தம் என்று வெளியூர் மடங்களில் போய்ப் பெருமை பேசியவர் தேசிகர்.

"முத மாசமே வந்துச்சு சாமி," என்றார் மாசிலாமணி. "தேய்ச்சா வந்துச்சு. ரெண்டு நாள் கடைசிப் பலகையில உட்கார்ந்தேன். அந்த ரெண்டு நாளும் சோறு இறங்கல. மூணாம் நாள் ஈறுல விரலே படாம பல்லை மட்டும் லேசாத் தொட்டுட்டு வாயைக் கொப்பளிச்சேன். ரத்தம் வரல. அப்புறம் ஈறைத் தொடவே இல்ல."

"புகையிலை?"

"அதையும் ஈறோரமா அடக்கி வெச்சா ரத்தம் இன்னும் நல்லா நின்னுச்சு."

"ஒன்பது வருஷம் என்கிட்ட பொய் சொன்னீங்க."

"இல்ல சாமி." மாசிலாமணி நிமிர்ந்தார். குருவிடம் அப்படி நிமிர்ந்தது அதுதான் முதல் தடவை. "ரத்தம் உண்டான்னு கேட்டீங்க. இல்லன்னேன். இல்லதான்."

தேசிகர் ஜன்னல் பக்கம் திரும்பிக்கொண்டார்.

பஸ் இரண்டு ஊர் தாண்டியது.

"மத்தவங்களுக்கு?" என்றார்.

மாசிலாமணி தலையைக் குனிந்துகொண்டார்.

"நான்தான் சாமி சொல்லிக் கொடுத்தேன். ஒவ்வொருத்தரும் கடைசிப் பலகையில உட்கார்ந்து அழுதாங்க. பார்க்கச் சகிக்கல. தொடாதீங்க, நின்னுடும்னு சொன்னேன். பின்னாடி சேர்ந்தவங்களுக்கு முன்கூட்டியே சொல்லிட்டேன்."

"எத்தனை பேருக்கு?"

"பன்னிரண்டு பேருக்கும்."

மறுநாள் விடிகாலை வாசலில் தேசிகர் நின்றார். கையில் ஒரு கட்டு வேப்பங்குச்சி. அவர் வழக்கமான கேள்வியைக் கேட்கவில்லை. ஆளுக்கொரு குச்சியாகக் கொடுத்தார்.

"ஈறோரம் தேய்ங்க," என்றார்.

ஓதுவார்கள் ஒருவர் முகத்தை ஒருவர் பார்த்தார்கள். மாசிலாமணி முதலில் மென்றார். மற்றவர்களும் மென்று தேய்த்தார்கள்.

"துப்புங்க."

முற்றத்துக் கல்தொட்டியில் துப்பினார்கள். ஒருவர் பின் ஒருவராகப் பன்னிரண்டு பேர். அத்தனையும் சிவப்பு. போன வருடம்தான் மடத்தில் சேர்ந்த ஓர் ஓதுவார் தொட்டியைப் பார்த்துவிட்டுச் சுவரில் சாய்ந்து உட்கார்ந்துவிட்டார். யாரும் யாரையும் பார்க்கவில்லை.

கடைசியாக மாசிலாமணி துப்பினார். அவர் துப்பியதில் டக்கென்று ஒரு சத்தம் கேட்டது. குனிந்து, உதிர்ந்து விழுந்த பல்லை எடுத்து உள்ளங்கையில் வைத்துக்கொண்டார். வேர் முழுக்கக் காரை அப்பியிருந்தது.

தேசிகரும் ஒரு குச்சியை எடுத்தார். ஈறோரமாக நெடுநேரம் தேய்த்தார். துப்பினார். வெறும் வெள்ளை நுரை.

அதையும் சற்று நேரம் பார்த்தார். பிறகு உள்ளே போனார்.

"இன்னிக்கு யாருங்க பாடுறது?" என்று யாரோ கேட்டார்கள். உத்தரவுப்படி பாடத் தகுந்த வாய் ஓதுவார்களில் ஒருவருக்குக்கூட இல்லை. சன்னிதியில் மணி அடித்துவிட்டது. பூசைக்காரர் தீபத்தோடு காத்துக்கொண்டிருந்தார்.

மாசிலாமணி பல்லை வேட்டி முனையில் முடிந்துகொண்டு கடைசிப் பலகையை நோக்கி நடந்தார். ஒன்பது வருடம் கழித்து நடக்கிற நடை.

பலகையில் தேசிகர் உட்கார்ந்திருந்தார்.

தூசியைக்கூடத் தட்டவில்லை.

"சாமி, எழுந்திருங்க. அது ரத்தம் உள்ளவங்க உட்கார்ற இடம்."

"தெரியும்."

"உங்க வாயில ரத்தம் இல்லையே சாமி."

தேசிகர் முற்றத்துத் தொட்டி இருந்த பக்கம் கையைக் காட்டினார். மாசிலாமணி கடைவாயில் வழிந்ததைத் துண்டால் துடைத்துக்கொண்டார்.

"நீங்க முன்னாடி போய்ப் பாடுங்க," என்றார் தேசிகர்.

"இந்த வாயோடயா சாமி?"

"அந்த வாயும் போறதுக்குள்ள."