மேனேஜர் வாங்கி வந்த கரண்டி

கழிவு மக்னீசியத்தை உருக்கி, வண்டிகளுக்கு இன்ஜின் மூடி வார்க்கும் கோவை ஃபவுண்டரி அது. ஆயுத பூஜைக்குப் பிறகு வார்த்த மூடியெல்லாம் வெள்ளையாய் அரித்துத் திரும்பி வந்தன.

மேனேஜர் சிதம்பரநாதன், முதலாளி முன்னாலேயே ஸ்கிராப் பொறுக்கும் துளசிமணியைப் பிடித்துக்கொண்டார்.

"ஸ்கிராப்புல கலந்த செம்புத் துண்டைப் பொறுக்கி எடுக்காம விட்டிருக்கே, அதான் அரிக்குது. இல்லைன்னா சாயங்காலத்துக்குள்ள நிரூபி. முடியலைன்னா கேட்டுக்கு வெளிய போ."

"சரிங்க சார். இன்னைக்கு நீங்களே பொறுக்குங்க. அப்பவும் அரிச்சா?"

"நான் பொறுக்கி அரிச்சா நானே போறேன்."

மேனேஜர் ஒவ்வொரு துண்டையும் அரத்தால் தேய்த்துப் பார்த்தே சேர்த்தார். அதை இரண்டு சட்டிகளில் பிரித்து உருக்கினாள் துளசிமணி.

"ஒண்ணை நீங்க கிண்டுங்க, ஒண்ணை நான் கிண்டறேன்."

ஆயுத பூஜைக்குத் தாமே வாங்கி வந்து, அன்றிலிருந்து எல்லாச் சட்டியையும் கிண்ட வைத்த எவர்சில்வர் கரண்டியை அவர் எடுத்தார். அவள் மூலையில் கிடந்த பழைய இரும்புக் கரண்டியை எடுத்தாள். ஒரு மணி நேரம் கிண்டினார்கள்.

ஆறிய இரண்டு கட்டிகளையும் உப்புத்தண்ணீரில் போட்டாள். அவளுடையது சும்மா கிடந்தது. அவருடையது சோடா மாதிரிப் பொங்கியது.

"ரெண்டும் சார் பொறுக்குனதுதானுங்க. கரண்டி மட்டுந்தான் வேற," என்றாள் முதலாளியிடம். "எவர்சில்வர்ல நிக்கல் இருக்குங்க. துளி கரைஞ்சாலும் மக்னீசியத்தை அரிச்சிரும். ஸ்கிராப்புல வந்தா நான் தூக்கி வீசிருவேன். இது சார் கையில இருந்துச்சுங்க."

மேனேஜர் கேட்டைப் பார்த்தார். முதலாளி அந்தக் கரண்டியை எடுத்து அவரிடமே நீட்டினார்.

"வெளிய போக வேண்டாம். கேன்டீன்ல சாம்பார் ஊத்த ஆள் இல்லையாம்."