பச்சைத் தண்ணீர்

குன்றின் மேல் மடம். படிகள் நூற்றெட்டு. அன்று பலவேசத்துக்கு மட்டும் அவை ஆயிரத்தெட்டாக இருந்தன.

வலது கால் கட்டைவிரலில் துணிக்கட்டு. கையில் மஞ்சள் பை, அது நிறைய மகளின் கல்யாணப் பத்திரிகைகள். பேருந்து நிலையத்திலிருந்தே எறும்புகள் வரிசை கட்டி அவர் பின்னால் வந்தன என்பார்கள். வழியில் ஒரு மிட்டாய்க்கடை உண்டு. ஓர் எறும்புகூட அந்தப் பக்கம் திரும்பவில்லையாம்.

குரு அவரைவிடப் பதினைந்து வயது இளையவர். வாசலில் காலை நீட்டி உட்கார்ந்திருந்தார்.

“வாங்க அண்ணாச்சி. கூட யாரு?”

“யாருமில்லை சாமி.”

“பின்னால கூட்டமா வருதே.”

பலவேசம் சிரிக்கவில்லை. சிரிக்கத் தெம்பில்லை. கடைசிப் படியிலேயே உட்கார்ந்துவிட்டார்.

“சீனி நானூறு சாமி. மாத்திரை விடாமப் போடுதேன், புண்ணு ஆறலை. பத்து நாள்ல குறையலைன்னா விரலை எடுக்கணும்னு டாக்டர் சொல்லிட்டாரு. இருபதாம் நாள் கோமதிக்குக் கல்யாணம். கட்டிலில் கிடந்துக்கிட்டா தாரை வார்ப்பேன்?”

“என்ன குடிக்கீங்க?”

“நானா எங்க குடிக்கேன்? பத்திரிகை வைக்கப் போற வீட்டுல குடுக்காங்க. ஒரு வீட்டுல காப்பி, அடுத்த வீட்டுல கலர் சோடா, அதுக்கடுத்து சர்பத். நேத்து மட்டும் பதினேழு வீடு. வாய் நனைக்காம எந்திரிச்சா அவங்களுக்கு வருத்தம். நல்ல காரியத்துக்கும் ஆகாது. நானும் சூதானமாத்தான் இருக்கேன். காப்பின்னா, ‘சீனி வேண்டாம்மா, கருப்பட்டி போடுங்க’ன்னு சொல்லிருவேன்.”

“கருப்பட்டி யாரு? சீனிக்கு அண்ணன்தானே.”

அண்ணன் என்றதும் பலவேசம் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

குரு பையை வாங்கிப் பத்திரிகைகளைப் புரட்டினார். எல்லாவற்றுக்கும் அடியில் ஒன்று மூலை மடங்கிக் கிடந்தது. மேலே ‘செல்லையா’ என்று எழுதியிருந்தது.

“இது?”

“எங்கண்ணன். முதல்ல வைக்க வேண்டியது.” பலவேசம் காலைப் பார்த்துக்கொண்டே சொன்னார். “கிணத்துத் தகராறு, பன்னெண்டு வருசமாச்சு. ‘உன் வீட்டுல பச்சைத் தண்ணி குடிக்க மாட்டேன்’னு ஊர் நடுவுல சொல்லிட்டு வந்தவன் நான்.”

“வெறும் தண்ணிதானே. குடிச்சா என்ன?”

“என்ன சாமி, இப்படிக் கேட்டுட்டீங்க. குடிச்சா சண்டை தீந்துதுன்னு அர்த்தம். அதுக்கு மேல ஒரு உறவு இருக்கா?”

குரு எழுந்தார். அவருக்கும் முழங்கால் வலி. சுவரைப் பிடித்து உள்ளே போய், ஒரு செம்புத் தண்ணீரோடு மெல்லத் திரும்பி வந்தார். பலவேசம் அண்ணாந்து மூச்சுவிடாமல் குடித்தார். செம்பு காலியாகும்வரை குரு காத்திருந்தார்.

“பன்னெண்டு வருசப் பகைக்கு இது போதும்னு சொல்லுதீங்க. பதினேழு வீட்டுப் பிரியத்துக்குப் பத்தாதா?”

பலவேசம் மூலை மடங்கிய பத்திரிகையைத் தொடையில் வைத்து நீவினார். பிறகு அதைப் பையில் எல்லாவற்றுக்கும் மேலே வைத்துக்கொண்டு எழுந்தார்.