விழுங்கிய மாத்திரை

மனநல மருத்துவராக இருபது வருடம் ஓட்டிவிட்டு, ஆய்வு செய்யக் கிளம்பியவர் கோமதிநாயகம். அவருக்கு வழிகாட்டியாக வாய்த்த பேராசிரியர் ஸ்டெல்லா ராணி வயதில் தங்கை மாதிரி. ஆனாலும் அவர் எதிரே உட்கார்ந்தால் நாயகம், படிக்காமல் பரீட்சைக்கு வந்தவரைப் போலக் கையைப் பிசைவார்.

ஸ்டெல்லாவிடம் சேருவதற்கு முன்பே நாயகம் அனுப்பியிருந்த கட்டுரை அந்த வாரம்தான் ஒரு மருத்துவப் பத்திரிகையில் வந்திருந்தது. விஷயம் இதுதான். வார்டில் இருக்கும்வரை நோயாளியின் ரத்தத்தில் மருந்து சரியாக இருக்கிறது. வீட்டுக்குப் போனதும் இறங்கிவிடுகிறது. ஆகவே வீட்டில் மாத்திரையைத் துப்பிவிடுகிறார்கள்.

அப்படித் துப்பியவர் என்று அவர் முடிவுகட்டியவர்களில் ஒருவரான மாடசாமி, காதுக்குள் குரல்கள் கேட்கின்றன என்று மறுபடியும் வார்டில் வந்து படுத்திருந்தார்.

“மேடம், மனுஷன் முழுங்கினேன்னு சத்தியம் பண்றார். ரத்தம் இல்லைங்குது. யாரைத்தான் நம்புறது?” என்று கேட்டார் நாயகம்.

ஸ்டெல்லா கட்டுரையை மூடி வைத்தார்.

“வாங்க, போய்ப் பார்ப்போம்.”

வெள்ளைக் கோட்டைக் கண்டதும் மாடசாமி எழுந்து உட்கார்ந்து வாயைத் திறந்தார். யாரும் கேட்காமலேயே நாக்கைத் தூக்கிக் காட்டினார். நாயகத்துக்குச் சுருக்கென்றது. வீட்டில் தினமும் வாயைச் சோதிக்கும்படி மாடசாமியின் மனைவி செல்லத்தாயிடம் சொல்லி அனுப்பியதே நாயகம்தான்.

“மூடிக்கோங்கண்ணே,” என்று கட்டில் ஓரத்தில் உட்கார்ந்தார் ஸ்டெல்லா. “வீட்டுல பொழுது எப்படிப் போகும்?”

“அவ பீடி சுத்துவா. நான் பக்கத்துல இருந்து குடிப்பேன்.”

“சுத்துறதுல பாதி இவுகளே குடிச்சுருவாக, டாக்டரம்மா,” என்றாள் கட்டிலுக்குப் பக்கத்தில் நின்ற செல்லத்தாய். “தட்டுல குறையுதுன்னு பீடிக் கடையில என்னைய ஏசுவாக.”

“இங்க குடிக்கிறீங்களா?”

“எங்க குடிக்க? வந்ததுமே தீப்பெட்டியப் புடுங்கிக்கிட்டாகளே,” என்றார் மாடசாமி வருத்தத்தோடு.

ஸ்டெல்லா திரும்பி நாயகத்தைப் பார்த்தார். பார்த்தார், அவ்வளவுதான்.

நாயகத்தின் முகம் வெளுத்துவிட்டது. புகை உள்ளே போகப் போக, கல்லீரல் இந்த மருந்தை வேகவேகமாகச் சிதைத்து வெளியே தள்ளிவிடும். அவர் படித்த பாடம்தான், எழுதி மார்க் வாங்கிய பாடம்தான். ஏட்டுச் சுரைக்காய் என்று சும்மாவா சொன்னார்கள்? பீடி இல்லாத வார்டில் அளவு பார்த்துவிட்டு, அதே அளவைக் கொடுத்து மனிதரைப் பீடித்தட்டுக்குப் பக்கத்தில் அனுப்பியிருக்கிறார்.

“அவங்ககிட்ட நீங்களே சொல்லுங்க சார்,” என்றார் ஸ்டெல்லா.

“உங்க வீட்டுக்காரர் துப்பலைம்மா.” நாயகம் செல்லத்தாயின் பக்கம் திரும்பினார். “மாத்திரை உள்ளேதான் போயிருக்கு. பீடிப்புகை அதைச் சீக்கிரம் வெளியேத்திடுச்சு. நான்தான் தப்பா நெனச்சுட்டேன்.”

 செல்லத்தாய் புருஷனின் கன்னத்தில் கையை வைத்தாள்.

“தெனமும் வாய்க்குள்ள விரல விட்டுப் பாத்தேனே! பொய் சொல்லுதியன்னு புள்ளைக முன்னால ஏசுனேனே!”

“நீ பயந்துபோயித்தான பாத்த,” என்றார் மாடசாமி. “அழாத புள்ள.”

நாயகத்தால் அதற்குமேல் அங்கே நிற்க முடியவில்லை. வராந்தாவுக்கு வந்து கண்ணாடியைக் கழற்றித் துடைத்தார். ஸ்டெல்லாவும் பின்னாலேயே வந்தார்.

“வீட்டுக்கு ஏத்த மாதிரி அளவை மாத்துவோம் சார். பீடியைத் திடீர்னு விட்டாலும் நம்மகிட்ட வந்து சொல்லணும். இல்லேன்னா மருந்து ரத்தத்துல அளவுக்கு மீறி ஏறிடும். அதையும் சொல்லி அனுப்புங்க.”

“சரி மேடம். கட்டுரை தப்புன்னு பத்திரிகைக்கும் இன்னைக்கே எழுதிடுறேன்.”

“எழுதுங்க.”

நாயகம் கண்ணாடியை மாட்டிக்கொண்டார். மனசு ஆறவில்லை.

“ஆனா நான் விசாரிக்காம எழுதலை மேடம். மாத்திரை சாப்பிட்டீங்களான்னு வர்றப்பல்லாம் கேட்டேன். சாப்பிட்டேன்னுதான் ஒவ்வொரு தடவையும் சொன்னார்.”

ஸ்டெல்லா அவர் தோளில் லேசாகத் தட்டினார்.

“அதை நம்பியிருந்தா, அடுத்த கேள்வி தானா வந்திருக்குமே சார்.”